பைக்குக்கு மாற்று ஏர் ஃபில்ட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி: நெல்லை வட்டாரத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் சைக்கிளின் காற்றுப் பாதையை மாற்றிப் பிக்கப்பைக் கூட்ட வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினால், வண்ணார்பேட்டையில் கடைக்காரர் ஒருவர் சொல்வதும் பாளையங்கோட்டையில் மெக்கானிக் ஒருவர் சொல்வதும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஒருவர் ஃபில்ட்டர் உட்காரும் பெட்டியான ஏர்பாக்ஸையே கழற்றி வைத்துவிடச் சொல்கிறார். மற்றவர் கம்பெனி ஃபில்ட்டரைத் தொட்டாலே இஞ்சின் போய்விடும் என்கிறார். காணொளிகளில் வரும் விளக்கங்களோ தூசி குறைந்த குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு உரியவை. இந்தக் குழப்பத்தில் நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எதை எப்போது வாங்கலாம், என்ன செலவாகும், எந்த ஆவணங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பவற்றை வரிசையாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் வட்டாரத்தில் ஒரு ஃபில்ட்டர் எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு மண்ணை வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

1. முதலில், இப்போது இருக்கும் ஃபில்ட்டரைக் கழற்றிப் பாருங்கள்

பிக்கப் இல்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு மாற்று ஃபில்ட்டர் தேவையே இல்லை. அடைத்துப்போன காகித ஃபில்ட்டருக்குப் பதிலாக அதே கம்பெனியின் புதிய ஃபில்ட்டரைப் போட்டால் போதும். பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்கு இதன் விலை 200 முதல் 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். எனவே பக்கவாட்டு மூடியையோ இருக்கையையோ கழற்றி ஃபில்ட்டரை வெளியே எடுங்கள். மடிப்புகளுக்கு இடையில் மண் நிரம்பியிருந்தால், செங்குழம்பு பூசியதுபோல் நிறம் மாறியிருந்தால், அல்லது ஓரத்து ரப்பர் விறைத்து வெடித்திருந்தால், அதை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே மேற்கொண்டு யோசியுங்கள். கிளட்ச் வழுக்குவது, தேய்ந்த ஸ்பார்க் பிளக், இறுகிய செயின், காற்று இறங்கிய டயர் ஆகியவையும் இதே குறையைத்தான் காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் எல்லா ஃபில்ட்டரையும் காற்றுக் குழாயால் ஊதித் தருவது வழக்கமாக இருக்கிறது. இந்தியாவில் விற்கும் சிறு வண்டிகள் பலவற்றில் எண்ணெய் ஊட்டப்பட்ட பிசுபிசுப்பான காகிதம் பொருத்தப்பட்டிருக்கிறது. அதை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. உரிய காலத்தில் மாற்ற மட்டுமே வேண்டும். ஊதினால் எண்ணெய்ப் படலம் கலைந்து, பார்வைக்குச் சுத்தமாகவும் வேலைக்கு உதவாததாகவும் ஆகிவிடும். உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்பதும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். தூசி மிகுந்த இடங்களில் அதைவிட விரைவாக மாற்ற வேண்டும் என்றும் அதே பக்கத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது அந்தத் தூசி மிகுந்த இடத்தில்தான்.

2. நீங்கள் அன்றாடம் ஓட்டும் வழியின் தூசியைக் கணக்கில் எடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆனால் தேர்வு முழுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. திசையன்விளை, உவரி, சாத்தான்குளம் பக்கம் ஓட்டுபவர்களுக்குத் தேரி மணல் இருக்கிறது. அது இரும்புச் சத்தால் சிவந்த குவார்ட்ஸ் மணல். ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்றில் நுண்ணிய பகுதி எழும்பிச் சாலை முழுவதும் பரவும். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துக் கல்குவாரிகளையும் கிரஷர்களையும் ஒட்டி ஓட்டுபவர்களுக்கும், புளியரை வழியாகக் கேரளம் செல்லும் எம்-சாண்ட் லாரிகளின் பின்னால் மாட்டிக்கொள்பவர்களுக்கும் கல்தூசி. கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் புழுதி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் பிசான அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் சாலையிலேயே நெல்லைக் காயப்போடுவதால் உமித்தூசி பறக்கும்.

இவை எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. உமியும் பஞ்சும் ஃபில்ட்டரின் மேல்பரப்பை அடைக்கும். பிக்கப் குறையும், ஆனால் இஞ்சினுக்குப் பெரிய கேடில்லை. தேரி மணலும் கல்தூசியும் அப்படியல்ல. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவையில் 7. ஃபில்ட்டரைத் தாண்டிச் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அது அரைத்துக்கொண்டே இருக்கும். வால்வு இருக்கைகளையும் விடாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் தினமும் நடப்பதால், எண்ணெய் குறைந்து நீலப்புகை வரும்போதுதான் நமக்குத் தெரியவரும். அப்போது ஆகும் செலவு ஃபில்ட்டர் விலையைப்போலப் பல மடங்கு.

குற்றாலச் சாரலில் தினமும் நனைபவர்கள், அதாவது தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தவர்கள், ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈரமான காகிதம் உப்பிக் காற்றைத் தடுக்கும். எண்ணெய் ஊட்டிய பருத்தியும் ஸ்பஞ்சும் அதை ஓரளவு தாங்கும்.

3. எவ்வளவு சக்தி கூடும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உறிஞ்சும். 349 சிசி கொள்ளளவுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் உச்சத் திறனான 20.2 குதிரைத் திறனை நிமிடத்துக்கு 6,100 சுற்றில் தருகிறது. 6,100-இல் பாதி 3,050, அதை 0.349 லிட்டரால் பெருக்கினால், சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 1,060 லிட்டர் காற்றுதான் தேவை. வண்டியைத் தயாரித்தவர்கள் இந்தத் தேவைக்கு மேலேயே காகிதத்தின் பரப்பை அமைத்திருக்கிறார்கள். ஆகவே சுத்தமான காகித ஃபில்ட்டரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த பருத்தி ஃபில்ட்டரைப் போட்டால், வேறு எதையும் மாற்றாத வண்டியில் ஓரிரு சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன வண்டிக்கு அது அரைக் குதிரைத் திறன்கூட இல்லை.

அந்த ஓரிரு சதவீதமும் திராட்டிலை முழுவதும் முறுக்கியிருக்கும்போது மட்டுமே கிடைக்கும். ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு மூன்றாவது கியரில் ஊர்ந்து செல்லும்போது காற்றைத் தடுத்து நிறுத்துவது ஃபில்ட்டர் அல்ல, பாதி மூடியிருக்கும் திராட்டில் தகடு. அங்கே எந்த ஃபில்ட்டரைப் போட்டாலும் வித்தியாசம் இருக்காது. “சத்தம் மாறிவிட்டது, எனவே வேகம் கூடிவிட்டது” என்று தோன்றுவது இயல்பு. நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டானுக்கும் கயத்தாறுக்கும் இடையே ஒரே கியரில் 60-லிருந்து 80-க்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று, பின்னால் அமர்ந்திருப்பவரை அளக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

பிறகு எதற்காக மாற்று ஃபில்ட்டர்? கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது ஒரு நியாயமான காரணம். சைலன்சர், இசியூ (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ஆகியவற்றை மாற்றிய வண்டிக்குக் கூடுதல் காற்று தேவைப்படுவது இன்னொன்று. சத்தம் பிடிக்கும் என்பதும் காரணம்தான். ஆனால் அதை வேறு பெயரில் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

சந்தையில் கிடைப்பவற்றை நான் இவ்வாறு பிரிப்பேன்.

எண்ணெய் ஊட்டிய பருத்தி ஃபில்ட்டர், கம்பெனி ஏர்பாக்ஸுக்குள்ளேயே அதே இடத்தில் பொருந்துவது. அமெரிக்காவின் கே அண்ட் என், இத்தாலியின் பிஎம்சி, கிரேக்கத்தின் டிஎன்ஏ ஆகியவை இதில் பெயர் பெற்றவை. வண்டியைப் பொறுத்து 3,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகும். சாலை நல்லது, தூசி நடுத்தரம், கழுவும் பொறுமை உண்டு என்றால் இது போதும். நான் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

எண்ணெய் ஊட்டிய ஸ்பஞ்சு ஃபில்ட்டர். தேரி, குவாரி, மண்பாதை ஆகியவற்றில் ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. தூசி மேலே மட்டும் தங்காமல் உள்ளே ஆழமாகப் பிடிபடுவதால் விரைவில் அடைக்காது. மண்பாதைப் பந்தய வண்டிகளில் இதுதான் இருக்கும். அடிக்கடி கழுவி எண்ணெய் ஊட்ட வேண்டும் என்பதே இதன் விலை. எண்ணெய் இல்லாமல் உலர்ந்த ஸ்பஞ்சை மாட்டுவதும் ஃபில்ட்டரே இல்லாமல் ஓட்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மூன்றாவது, கூம்பு வடிவ ஃபில்ட்டர். ஏர்பாக்ஸை நீக்கிவிட்டுக் கார்புரேட்டர் வாயிலோ திராட்டில் பாடியிலோ நேரடியாக மாட்டுவது. 500 ரூபாயிலிருந்தே கிடைக்கும். “பெட்டியக் கழட்டிருவோம் அண்ணாச்சி, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்” என்று சொல்லப்படுவது இதைப் பற்றித்தான். நம் வட்டாரத்தில் அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணங்கள் பல. ஏர்பாக்ஸ் என்பது வெறும் பெட்டி அல்ல. அதன் கொள்ளளவும், காற்று உள்ளே நுழையும் மூக்குக் குழாயின் நீளமும் நடுத்தர வேகத்தில் இழுவை கிடைக்கும்படி கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அதை நீக்கினால் மேல் சுற்றில் சத்தம் கூடும், நாம் தினமும் பயன்படுத்தும் நடுச் சுற்றில் இழுவை குறையும். பெட்டிக்கு வெளியே இஞ்சினை ஒட்டி நிற்கும் கூம்பு சூடான காற்றை இழுக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அத்துடன் அது பின்சக்கரம் வாரி எறியும் சேற்றுக்கு நேர் எதிரே நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததுபோன்ற வெள்ளம் வேண்டாம், ஐப்பசி மழையில் ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய நீரே போதும். இருக்கைக்கு அடியில் உயரத்தில் இருக்கும் ஏர்பாக்ஸ் மூக்கு தப்பிக்கும் ஆழத்தில், தாழ்வாக நிற்கும் கூம்பு நீரை உறிஞ்சும். சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது; கனெக்டிங் ராட் வளையும்.

இன்னும் ஒன்று: ஏர்பாக்ஸில் இஞ்சினின் மூச்சுக் குழாயும், பல வண்டிகளில் புகை குறைக்கும் இரண்டாம் நிலைக் காற்றுக் குழாயும் இணைந்திருக்கும். பெட்டியை நீக்குபவர்கள் இவற்றை அப்படியே தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சுக் குழாய் வழியாக வரும் எண்ணெய் பின் டயரில் சொட்டும்; அதே குழாய் வழியாகத் தூசி இஞ்சின் எண்ணெயில் கலக்கும்.

எந்த வகையை வாங்கினாலும், ஏர் ஃபில்ட்டர் சோதனைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த பிடிப்புத் திறன், அதாவது தூசியைப் பிடிக்கும் திறன், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். காற்றோட்டத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுப் பிடிப்புத் திறனைப் பற்றி வாய் திறக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. உங்கள் வண்டி கார்புரேட்டரா, ஃபியூயல் இன்ஜெக்ஷனா என்று பாருங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பின் வந்த பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும். பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தைச் சுற்றி அந்தச் சென்சார் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த எண் சற்றுக் குறையும். சீரான வேகத்தில் போகும்போது இந்தத் திருத்தம் நடக்கும். திராட்டிலை முழுவதும் முறுக்கும்போது இசியூ சென்சாரைப் பார்ப்பதில்லை. தன்னிடம் பதிந்துள்ள அட்டவணைப்படி பெட்ரோலை விடும். ஆகவே கம்பெனி ஏர்பாக்ஸுக்குள் பருத்தி ஃபில்ட்டரை மாட்டினால் பொதுவாக எந்த டியூனிங்கும் தேவையில்லை. ஏர்பாக்ஸைத் திறந்துவிட்டாலோ வெட்டினாலோ, அட்டவணை பொருந்தாமல் கலவை மெலியும். இஞ்சின் சூடேறும், திராட்டிலை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். அதைச் சரிசெய்யத் தனி இசியூ கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஃபில்ட்டர் மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி அங்கே கரைந்துவிடும்.

ஃபில்ட்டரின் எண்ணெய் சென்சாரைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு கார்களிலிருந்து வந்தது. கார்கள் பலவற்றில் காற்றின் எடையை அளக்கும் சூடான கம்பிச் சென்சார் ஃபில்ட்டருக்கு அடுத்து இருக்கும். மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் அது கிடையாது. அழுத்தத்தையும் திராட்டில் கோணத்தையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். இருந்தாலும் அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றினால் திராட்டில் பாடி அழுக்கேறும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பருத்தி ஃபில்ட்டருக்கு ஏர் ஸ்க்ரூவைச் சிறிது திருத்தினால் பெரும்பாலும் போதும். கூம்பு மாட்டினால், பெட்ரோலை அளந்து விடும் துளைகளான ஜெட்டுகளில் மெயின் ஜெட்டும், சில வேளைகளில் பைலட் ஜெட்டும் மாற்ற வேண்டிவரும். பல்சர் போன்ற வண்டிகளில் உள்ள வெற்றிடத்தால் இயங்கும் கார்புரேட்டருக்கு ஏர்பாக்ஸுக்குள் இருக்கும் அமைதியான காற்று மிகவும் தேவை. அதை இழந்தால் நடு திராட்டிலில் ஏற்படும் தடுமாற்றத்தை எந்த ஜெட்டாலும் முழுமையாகத் தீர்க்க முடியாது.

6. ஆவணங்களைச் சரிபாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பெட்டிக்குள் ஒரு ஃபில்ட்டருக்குப் பதில் அதே அளவில் இன்னொன்றை வைப்பதால் பதிவுச் சான்றின் எந்த வரியும் மாறுவதில்லை. ஏர்பாக்ஸை வெட்டுவதும், புகை குறைக்கும் குழாயை அடைப்பதும் வேறு கதை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபில்ட்டர் வாங்கிய ஜிஎஸ்டி பில், அது உங்கள் வண்டிக்கு உரியது என்று காட்டும் பெட்டி அல்லது தாள். புகைச் சான்று பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். ஃபில்ட்டர் மாற்றிய வாரத்திலேயே, பழைய சான்று காலாவதியாகாவிட்டாலும், மீண்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கலவை மாறியிருந்தால் அங்கேயே தெரியும், செலவும் சொற்பம்.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால், சர்வீஸ் சென்டரில் வாய்வழி உறுதியை ஏற்காதீர்கள். வாரண்டிப் புத்தகத்தில் கம்பெனி அல்லாத உதிரிபாகம் பற்றிய பத்தியைப் படியுங்கள். ஐயம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமியுங்கள். என் பரிந்துரை, வாரண்டி முடியும்வரை காத்திருப்பது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

7. வாங்கும்போது

கம்பெனி ஃபில்ட்டரின் பார்ட் நம்பரையும் வண்டியின் ஆண்டையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டிக்குத் தலைமுறைதோறும் ஃபில்ட்டர் மாறும். பழைய யுசிஇ இஞ்சின் கிளாசிக்கின் ஃபில்ட்டர் 2021-இல் வந்த புதிய கிளாசிக்குக்குப் பொருந்தாது. போலிகள் நிறைய உலவுகின்றன: பாதி விலை, பிசிறு தட்டிய ரப்பர் ஓரம், மங்கிய அச்சு, சீரற்ற மடிப்பு ஆகியவை அடையாளங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் 28 என்று இருந்தால் கேளுங்கள். ஃபில்ட்டரோடு சேர்த்து, கழுவும் திரவமும் எண்ணெயும் அடங்கிய கிட்டையும் வாங்கிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் அது இல்லாமல் கழுவும் ஃபில்ட்டரை வாங்குவதில் பொருளில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியது என்றால் சில வாரங்களை ஒதுக்குங்கள். காற்றுக் காலத்துக்கு முன், சித்திரையிலோ வைகாசியிலோ, வேலையை முடித்துவிடுவது நல்லது.

8. பொருத்துதல்

அரை மணி நேர வேலைதான். அதில் பாதியைத் துடைப்பதற்குச் செலவிடுங்கள். பழைய ஃபில்ட்டரை எடுத்தவுடன் உள்ளே செல்லும் குழாயின் வாயை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு, பெட்டிக்குள் தங்கிய மண்ணைத் துடைத்தெடுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு, புதிய ஃபில்ட்டரின் ரப்பர் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் பூசிச் சுற்றிலும் சமமாக அமரும்படி வையுங்கள். மூடியின் திருகுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். கிளிப்புகளும் குழாய்களும் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்று, கழற்றுமுன் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. பொருத்திய பிறகு

முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் ஃபில்ட்டரைக் கழற்றி, அதற்கு அடுத்த குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் ரப்பர் ஓரம் சரியாக அமரவில்லை, அல்லது ஃபில்ட்டரே தூசியை விடுகிறது. கிரீஸ் பூசி மீண்டும் அமர்த்தி இன்னொரு 500 கிலோமீட்டர் பாருங்கள். அப்போதும் மண் தெரிந்தால், என்ன விலை கொடுத்திருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி காகிதத்துக்குத் திரும்புங்கள். இந்தத் துணிச் சோதனை எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

கழுவும் இடைவெளியை ஃபில்ட்டர் பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகரத்துக்குள் ஓடும் வண்டியை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தால் போதும். தேரியையும் குவாரியையும் ஒட்டி ஓடுபவர்கள் ஆனி, ஆடியில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பருத்தி ஃபில்ட்டருக்கு உரிய திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மெதுவான குழாய்நீரில் அலசுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், காற்றுக் குழாய் எதுவும் கூடாது. நிழலில் இயல்பாகக் காயவிட வேண்டும். அதற்கு ஓர் இரவு பிடிக்கும் என்பதால் மறுநாள் வேலைக்குச் செல்ல வண்டி தேவைப்படாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பின் மடிப்புகளின் மேல் எண்ணெயை ஒரு வரிசையாக விட்டு, நிறம் எங்கும் சமமாகப் பரவும்வரை காத்திருந்து மாட்டுங்கள். ஸ்பஞ்சைப் பிழியலாம், முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஒட்டிய ஓரங்கள் பிரிந்துவிடும்.

நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி ஃபில்ட்டரைத் தூக்கி எறியாமல், காற்றுப் புகாத உறையில் கட்டி வையுங்கள். கழுவிய ஃபில்ட்டர் காயாத நாளில் மாட்டிக்கொள்ளலாம். வண்டியை விற்கும்போதும் வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.